ஒரு மண்டலம்

"நவச்சாரம் இருக்குதுங்களா?" என்று கேட்டதும் நாட்டு மருந்துக் கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "எதுக்குங்க சார்? ஈயம் பூசவா?" என்றவர், "இப்ப யாரு ஈயம் பூசறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மீன் தொட்டிக்கு" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கி, கற்கண்டு போலிருந்த வெள்ளைக் கட்டி ஒன்றைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்னும் இப்படி நாலைந்து கடைகள் மிஞ்சியிருக்கின்றன. உள்ளே போனால் சுக்கும் திப்பிலியும் வசம்பும் சேர்ந்த ஒரே வாசனை. நான் வரும் வழியில் வெற்றிலைக் கடையில் கொஞ்சம் சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கட்டியில் ஒரு துணுக்கை உடைத்து, சுண்ணாம்பு தொட்டு, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். "என்ன பண்றீங்க?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்வதற்குள் நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆயாவின் கை அது. எனக்குச் சளி பிடித்தாலும், ஆயாவுக்குத் தலைவலி வந்தாலும் இதுதான் மருந்து. இடுப்புச் சுருக்குப் பையில் பாக்கோடு பாக்காக ஒரு நவச்சாரத் துணுக்கு கிடக்கும். சுண்ணாம்பு தொட்டுத் தேய்த்து, "கண்ண மூடிக்க கண்ணு, ஒரே இழுப்பு" என்று உள்ளங்கையை மூக்குக்குக் கீழே நீட்டுவாள். மண்டைக்குள் அடைத்திருந்தது எல்லாம் ஒரே நொடியில் திறந்துகொள்ளும். நான் அறிவியல் வாத்தியாரான பிறகுதான் அந்த நெடிக்குப் பெயர் தெரிந்தது. நவச்சாரம் என்பது அமோனியம் குளோரைடு. சுண்ணாம்பு பட்டதும் அது அமோனியா வாயுவை விட்டுவிடும்.

ஈயம் பூசுகிறவரையும் அந்த நெடிதான் கூட்டிக்கொண்டு வந்தது. தெரு முனையில் சின்னதாக ஒரு குழி வெட்டி, கரி போட்டு, தோல் துருத்தியை மிதிப்பார். பித்தளை அண்டா காய்ந்து நிறம் மாறும்போது ஒரு சிட்டிகை நவச்சாரப் பொடியை உள்ளே வீசுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்தப் புகை அடங்குவதற்குள் ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சை வைத்து ஒரே சுழற்றாகச் சுழற்றுவார். கறுத்துப்போயிருந்த அண்டாவின் வயிறு வெள்ளியாகிவிடும். வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை இருந்த தெரு எங்களுடையது, வெள்ளி எங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் அந்தச் சுழற்றைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கியிருக்கிறேன். எவர்சில்வர் வந்தது. "ஈயம் பூசலையா" என்ற குரல் எந்த வருஷத்தோடு நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

இத்தனை வருஷம் கழித்து நவச்சாரத்தைத் தேடி என்னைப் போகவைத்தவள் என் பேத்தி. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "மீன்" என்றாள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் போடக் கூழாங்கல், காற்று மோட்டாரில் ஓடும் ஒரு பஞ்சு ஃபில்டர், எல்லாம் வந்து இறங்கின. ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடித்தது. மோட்டாரைப் போட்டதும் பஞ்சின் குழாய் வழியே குமிழ்கள் கிளம்பின. அவள் கைதட்டிவிட்டு, "மீன் எப்ப தாத்தா வாங்கப் போறோம்? சாயங்காலமா?" என்றாள்.

"முப்பது நாப்பது நாளாகும் கண்ணு."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து மருமகள்கூட, "ரெண்டு மீன் மட்டும் விட்டுப் பார்க்கலாமே மாமா" என்றாள். முடியாது என்று சொன்னேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதாக நினைவில்லை. காரணத்தைச் சொல்ல எங்கள் அம்மாவிடம் போக வேண்டும்.

ஆடி மாசம் வந்தால் செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் பண்டிகை. வண்டி வேடிக்கை பார்க்க அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு போவேன். அதே பண்டிகையை ஒட்டிப் போஸ் மைதானத்தில் பொருட்காட்சி போடுவார்கள். ஒரு வருஷம் அங்கே ஒருவர் பாலிதீன் பையில் தங்கமீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் அழுத அழுகையில் அப்பா இரண்டு வாங்கித் தந்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்தேன். அம்மா ஒரு பெரிய கண்ணாடிச் சீசாவைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, மீனை அதில் விட்டாள்.

மேட்டூர்த் தண்ணீரை நாங்கள் நல்ல தண்ணி என்போம், கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணி. குழாயில் நல்ல தண்ணி வருவதே நாள் விட்டு நாள்தான், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதிலிருந்து தினமும் ஒரு சீசா அளவை அம்மா மீனுக்கு ஒதுக்கினாள். காலையில் சீசாவைக் காலி செய்து, வழவழப்பு போகத் தேய்த்து, பிளீச்சிங் வாசனை மாறாத புதுத் தண்ணீரை ஊற்றுவாள். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மீனும் மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின. அம்மா தூங்கவில்லை. நடு ராத்திரியில் இன்னொரு முறை தண்ணீர் மாற்றினாள். விடியும்போது இரண்டும் பக்கவாட்டில் கிடந்தன. முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

அப்பா லீ பஜாரில் ஒரு தானிய மண்டியில் கணக்கு எழுதினார். அங்கே வரும் வியாபாரி ஒருவர், நான் கொஞ்சம் வளர்ந்த பிறகு, இரும்புச் சட்டம் போட்ட பழைய தொட்டி ஒன்றைக் கொடுத்தார். இந்த முறை அம்மா இன்னும் சுத்தமாக இருந்தாள். கூழாங்கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைத்தாள். நாலு மீன். எட்டு நாளுக்குள் நாலும் போயின. "நம்ம கைக்கு மீன் தங்காது சாமி" என்று அம்மா சொன்னாள். நம்ம கை என்றாலும் அவள் சொன்னது தன் கையைத்தான். அதன் பிறகு அந்தத் தொட்டியில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்தோம்.

அப்போதே என்னைக் குழப்பிய ஒன்று இருந்தது. செவ்வாய்ச் சந்தைக்கு வரும் வண்டி மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி இருந்தது. அதை யாரும் தேய்த்துக் கழுவிப் பார்த்ததில்லை. உள்சுவர் முழுக்கப் பாசி, தொட்டால் விரல் வழுக்கும். எவனோ ஒரு பையன் ஏரியிலிருந்து துண்டில் பிடித்துக்கொண்டு வந்து விட்ட கெண்டைக் குஞ்சுகள் அதில் வருஷக்கணக்காக இருந்தன. மாடு வாய் வைத்தால் அடிக்குப் போகும், மாடு போனதும் மேலே வரும். அம்மா அவ்வளவு பாடுபட்டுக் கழுவிய தொட்டியில் செத்த மீன், யாரும் கழுவாத தொட்டியில் எப்படிப் பிழைத்தது என்று அப்பாவைக் கேட்டேன். "அது காட்டு மீன்டா" என்றார்.

பிறகு நான் வாத்தியாரானேன். முப்பது வருஷம் கரும்பலகையில் நைட்ரஜன் சுழற்சி வரைந்திருக்கிறேன். மேலே மின்னல், கீழே அவரைச் செடியின் வேர் முண்டு, நடுவில் ஒரு மாடு, சாணம், சுற்றிலும் அம்புக்குறி. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று மூன்று சொல்லையும் பையன்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அந்தப் படத்தில் ஒருநாளும் மீன் தொட்டியை வரைந்ததில்லை. அம்மாவின் சீசாவுக்குள் நடந்தது இதே பாடம்தான் என்று ஓய்வு பெற்ற பிறகு, பேத்திக்காக மீன் வளர்ப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போதுதான் உறைத்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். மீன் மூச்சு விடும் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியே தள்ளுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினாலும் அமோனியாதான். ஆற்றிலும் ஏரியிலும் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு விஷம். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த உயிர்கள் தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. கல்லிலும் பஞ்சிலும் கண்ணாடியிலும் வழவழப்பாகப் படிந்து வாழ்கின்றன. அம்மா புளி போட்டுத் தேய்த்து எடுத்தது அதைத்தான். தேய்ப்புக்குத் தப்பியதைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது. வெந்நீரில் அலசிய சீசாவில் அந்த மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சு முட்டியிருக்கின்றன.

அதனால்தான் மீனை விடுவதற்கு முன்னால் அந்த உயிர்களைக் குடிவைக்க வேண்டும். அவை குடியேற அமோனியா வேண்டும். மீனை விட்டு அதன் கழிவில் வளர்ப்பது பழைய வழி, அதில் முதல் மீன்கள் படும் பாடு நான் கண்டது. மீனே இல்லாமல், அளந்து அமோனியா போட்டு வளர்ப்பது இன்னொரு வழி. நான் நவச்சாரம் தேடிப் போனது அதற்குத்தான். ஆனால் கடைக் கட்டியைத் தொட்டியில் போட மனம் வரவில்லை, அதில் வேறு என்ன கலந்திருக்கிறதோ. ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் அதே உப்பைச் சுத்தமாக ஒரு டப்பா வாங்கினேன். கட்டி என் மேசை டிராயரில் இருக்கிறது.

ஐம்பது லிட்டரில் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அமோனியா இருக்க வேண்டுமென்றால், உப்பு வெறும் 0.3 கிராம்தான் தேவை. சமையலறைத் தராசு அதைக் காட்டாது. என்னிடம் படித்த பையன் ஒருவன் அடுத்த தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். "வாங்க சார், வெள்ளி எடை போடற தராசுல உப்பா?" என்று சிரித்துக்கொண்டே தட்டைத் துடைத்து வைத்தான். சரியாக 3 கிராம் நிறுத்தி, வீட்டில் 100 மில்லி தண்ணீரில் கரைத்தோம். ஒரு வேளைக்கு 10 மில்லி. இருமல் மருந்து மூடியில் அளந்து பேத்திதான் ஊற்றினாள்.

தண்ணீர் விஷயத்தில் அம்மாவின் கணக்கைத் தலைகீழாக்கினேன். பாதி மேட்டூர்த் தண்ணீர், அதையும் டிரம்மில் பிடித்து ஒரு துளி ஹைப்போ போட்டுக் குளோரினை எடுத்த பிறகு. போட்டோ ஸ்டூடியோவில் முன்பு ஃபிலிம் கழுவிய அதே ஹைப்போ. மீதிப் பாதி, நாங்கள் வாயில் வைக்காத போர்த் தண்ணீர். எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாக ஏடு படியும், அவ்வளவு சுண்ணாம்பு. அமோனியாவைத் தின்னும் உயிர்கள் தண்ணீரைப் புளிப்பாக்கிக்கொண்டே போகும். புளிப்பு அதிகமானால் அவையே வேலையை நிறுத்திவிடும். சுண்ணாம்புத் தண்ணீர் அந்தப் புளிப்பை முறித்துக்கொடுக்கும். சேலத்துச் சித்திரை வெயிலும் கைகொடுத்தது. முப்பது டிகிரிக்குப் பக்கத்துச் சூட்டில் அவை நன்றாக வளரும்.

"மாலை போட்ட மாதிரி ஒரு மண்டலம் விரதமா?" என்று மனைவி கேட்டாள். பேத்திக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. தினசரி காலண்டரில் கிழித்த தாளை எடுத்துப் பின்பக்கம் வண்ணம் தீட்ட ஆரம்பித்தாள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் ஐந்து நிமிஷத்தில் நிறம் வரும். அமோனியா இருந்தால் பச்சை, இல்லையென்றால் எலுமிச்சை மஞ்சள். நைட்ரைட் இருந்தால் ஊதா, இல்லையென்றால் வான நீலம். முதல் பத்து நாளும் ஒரே பச்சை. பச்சைக் கிரேயான் தேய்ந்துபோனது. "ஒண்ணுமே நடக்கல தாத்தா" என்றாள்.

அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்று இரண்டு பேர் ஒரு நீளமான குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல் பொடியையும் நிரப்பி, சாக்கடைத் தண்ணீரை மெதுவாக வடிய விட்டார்கள். இருபது நாள் வரைக்கும் போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் வந்தது. குளோரோஃபாம் ஆவியை உள்ளே விட்டதும் நின்றுபோனது. மயக்க மருந்துக்கு நிற்கிறது என்றால் அது உயிர்தான் என்று புரிந்துகொண்டார்கள். "இருபது நாளும் அவங்க தினமும் பாத்தாங்களா?" என்று கேட்டாள். பார்த்திருப்பார்கள் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்க்க விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்யருக்கு 1890 வாக்கில்தான் முடிந்தது. மற்ற கிருமிகளுக்கு வைக்கும் சத்துணவை இவை தொடுவதில்லை, அமோனியாவிலேயே பிழைப்பவை. மீன் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் நான் பாடம் நடத்தினேன். பெரும்பாலும் அது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். 2015-இல் இன்னொன்று தெரிந்தது: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தாங்களே செய்துவிடும். நான் ஒப்பிக்க வைத்த பையன்களுக்கு இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிப் போட வேண்டும் போலிருந்தது.

பதினோராம் நாள் பச்சை கொஞ்சம் வெளுத்தது. அதற்கடுத்த நாள் நைட்ரைட் குழாயில் இளஞ்சாயலாக ஊதா. பேத்தி வீடு முழுக்க ஓடினாள். அதன் பிறகு மூன்று வாரம் ஊதா நகரவே இல்லை.

அந்த நாட்களில் ஒன்று, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து. மோட்டார் நின்றதும் தொட்டி ஊமையாகிவிட்டது. அந்த உயிர்களுக்குச் சாப்பாட்டைவிடக் காற்று முக்கியம், தண்ணீர் அசையாமல் நின்றால் பஞ்சின் உள்ளே இருப்பவை முதலில் திணறும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மனைவி வந்து பார்த்தாள். சமையலறையிலிருந்து ஒரு செம்பை எடுத்து வந்து, தொட்டியில் மொண்டு, முழங்கை உயரத்துக்குத் தூக்கி, மெல்லிய தாரையாக ஊற்றினாள். காப்பி ஆற்றுவது போல. தாரை விழுந்த இடத்தில் நுரை கிளம்பியது. "காத்துதானே வேணும்?" என்றாள். அரை மணிக்கு ஒருமுறை, ஆளுக்கு ஐம்பது செம்பு என்று கணக்கு வைத்து, மூன்று பேரும் மாறி மாறி ஊற்றினோம். வேர்த்து விறுவிறுத்து அந்தப் பகல் முழுக்க மீன் இல்லாத ஒரு தொட்டிக்கு நாங்கள் காற்று கொடுத்துக்கொண்டிருந்தோம். அஞ்சரை மணிக்கு மோட்டார் மறுபடி உறுமியபோது மனைவி தொட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் இப்படித்தான் அந்த ராத்திரி உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தி மூன்றாம் நாள் ஊதா வெளுத்தது. முப்பத்தி எட்டாம் நாள், முந்தின நாள் ஊற்றிய 10 மில்லியும் இருபத்து நாலு மணி நேரத்தில் இருந்த இடம் தெரியவில்லை: ஒரு குழாய் எலுமிச்சை மஞ்சள், ஒரு குழாய் வான நீலம். இரண்டு நாள் கூட ஊற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிச் சேர்ந்திருந்த நைட்ரேட்டைக் கழித்தோம். பஞ்சைத் தொடவில்லை. வெள்ளையாக வந்த பஞ்சு இப்போது டீத்தூள் நிறத்தில் இருந்தது.

நாற்பத்தி ஓராம் நாள் மீன் கடைக்குப் போனோம். சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பைகளில் வந்து இறங்கியிருந்தன. பேத்தி தங்கமீன் கேட்டாள். எனக்கும் அதன்மேல்தான் கண் போனது. ஆனால் அது ஓரடிக்கு வளரக்கூடிய மீன், கழிவும் அதிகம். அதை உள்ளங்கை அகலக் கண்ணாடிக் கிண்ணத்தில் விற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீருக்கு ஏற்ற கப்பி ஆறு வாங்கினோம். மூன்றாம் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டேன். ஒன்றுகூட மேலே வந்து வாயைத் திறக்கவில்லை. அடியில், கல் ஓரமாக, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

இப்போது குட்டி போட்டு முப்பதுக்கு மேல் ஆகிவிட்டன. எதிர்வீட்டுப் பையன் தினமும் வந்து பார்ப்பான். அவன் வீட்டிலும் தொட்டி வந்தது. அவனுக்கு நாற்பது நாள் வேண்டாம், எங்கள் பஞ்சில் பாதியை வெட்டி அவன் ஃபில்டரில் செருகினால் சில நாளிலேயே பிடித்துக்கொள்ளும் என்று பேத்தி அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான் கண்ணு" என்று மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் அம்மா என் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கி வரச் சொல்வாள். பாக்கெட் தயிர் வந்த பிறகு எங்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் உறைக்காகத் தட்டியதில்லை. பால் ஒரு ராத்திரியில் தோய்ந்துவிடும். இந்த உயிர்களுக்கு ஒன்று இரண்டாகவே அரை நாளுக்கு மேல் பிடிக்கும், அதனால்தான் உறை இல்லாமல் அவ்வளவு காத்திருந்தோம்.

பையன் பஞ்சுக்குக் கை நீட்டியபோது மணி ஆறரை. பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி சட்டென்று நிறுத்தினாள். "விளக்கு வச்சப்புறம் உறை குடுக்க மாட்டாங்க சாமி. காலைல வந்து வாங்கிக்க."

அடுத்த நாள் விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போடக்கூட விடாமல் அவன் வந்து நின்றான். கையில் அவர்கள் வீட்டுத் தூக்குப்போசி.